ஜேம்ஸ் வில்கின்சன்

ஜேம்ஸ் ஹார்டி வில்கின்சன் (செப்டம்பர் 27, 1919 – அக்டோபர் 5, 1986) ஒரு பிரித்தானியக் கணிதவியலாளர் ஆவார். கணினிகள் மிதவைப் புள்ளி எண்களைக் கையாளும்போது நேரும் முழுமையாக்கல் பிழைகள் பற்றிய ஆய்வுகளால் புகழ் பெற்றவர். 1970ஆம் ஆண்டு டூரிங் விருதைப் பெற்றார்.

வாழ்க்கை

இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள ஸ்ட்ரூட் என்னும் ஊரில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் கணிதம் பயின்றார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எறிபொருட்களின் பாதை தொடர்பான கணக்கீடுகளில் ஈடுபட்டார். 1946இல் டெடிங்டனிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுகூடத்தில் சேர்ந்து ஆலன் டூரிங்கின் கீழ்ப் பணியாற்றினார். டூரிங் விலகிய பின் பைலட் ஏஸ் கணினியின் உருவாக்கத்தில் முக்கிய பங்கு வகித்தார். அக்கணினி 1950இல் இயங்கத் தொடங்கியது.

முழுமையாக்கல் பிழைகள்

கணினி ஓர் எண்ணுக்குக் குறிப்பிட்ட அளவு இலக்கங்களையே ஒதுக்குகிறது. எனவே ஒவ்வொரு கணக்கீட்டிலும் சிறு பிழை சேர்கிறது. சமன்பாடுகளை நீக்கல் முறையில் தீர்க்கும்போது, ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் இப்பிழை நான்கு மடங்காகப் பெருகக்கூடும் என 1943இல் ஹரால்டு ஹோட்டலிங் கணித்தார். அது உண்மையாயின் பெரிய கணக்குகளுக்குக் கணினியால் பயனில்லை. ஆனால் வில்கின்சனும் டூரிங்கும் வேறு இருவரும் மேசைக் கணக்கிடும் பொறிகளைக் கொண்டு 18 சமன்பாடுகளைத் தீர்த்தபோது, அஞ்சியதைவிட மிகத் துல்லியமான விடை கிடைத்தது.

வில்கின்சன் இதற்கான காரணத்தைத் தேடினார். கிடைத்த விடை சரியான விடையிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்ப்பதற்கு மாறாக, சற்றே மாற்றப்பட்ட எந்தக் கணக்குக்கு அது மிகச் சரியான விடை என்று ஆராய்ந்தார். அந்த மாற்றம் தரவுகளிலேயே உள்ள ஐயப்பாட்டைவிடச் சிறியதாயின், முறையைக் குறை கூற இயலாது. இது பின்னோக்கிய பிழைப் பகுப்பாய்வு எனப்படுகிறது. இக்கருத்துக்கு முன்னோடிகள் உண்டெனினும், அதை முழுமையான கோட்பாடாக வளர்த்தவர் இவரே. இது குறித்த இவரது நூல் 1963இல் வெளிவந்தது.

வில்கின்சன் பல்லுறுப்புக்கோவை

1 முதல் 20 வரையான முழு எண்களை மூலங்களாகக் கொண்ட பல்லுறுப்புக்கோவை ஒன்றை, பைலட் ஏஸ் கணினியின் நிரல்களைச் சோதிக்க இவர் பயன்படுத்தினார். விடை வராதபோது நிரலில்தான் தவறு என்று முதலில் கருதினார். உண்மையில் தவறு நிரலில் இல்லை. −210 என்னும் கெழுவை ஏறத்தாழ 0.00000012 அளவே குறைத்தாலும் 20 மூலங்களில் 10 கலப்பெண்களாகிவிடுகின்றன. நல்ல நிரலும் இத்தகைய கணக்கைக் காப்பாற்றாது.

சி மொழியில்

1985இல் வெளியான ஐ.இ.இ.இ. 754 தரப்பாடு அண்மை எண், சுழியம், மேல், கீழ் ஆகிய நான்கு திசைகளில் முழுமையாக்க வழி செய்தது. சுழியத்தால் வகுத்தல், மிகைவழிவு உள்ளிட்ட ஐந்து விதிவிலக்குகளையும் வரையறுத்தது. 1999ஆம் ஆண்டின் சி மொழித் தரப்பாட்டில், ஃபென்வ்.எச் என்னும் தலைப்புக் கோப்பு வழியாக நிரலர் இவற்றைக் கட்டுப்படுத்த முடிந்தது. ஒரே நிரலை வெவ்வேறு திசைகளில் முழுமையாக்கி இயக்கும்போது விடைகள் பெரிதும் வேறுபட்டால், மேற்கண்டது போன்ற நொய்ந்த கணக்கு உள்ளதென ஐயுறலாம். வேறுபடாமை மட்டும் விடை சரி என்பதற்குச் சான்றாகாது. தொகுப்பி கணக்கீடுகளை முன்கூட்டியே செய்துவிட்டால் இச்சோதனை பொய்த்துவிடும் என்பதால் அதற்குரிய அறிவிப்பையும் நிரலில் இடவேண்டும்.

இவரது நினைவாக எண்சார் மென்பொருளுக்கான வில்கின்சன் பரிசு 1991 முதல் வழங்கப்படுகிறது.