ஆசார்ய ஜகதீச சந்திர போஸ்

உயிருள்ளது எது, உயிரற்றது எது என்னும் வினாவே ஜீவ சாஸ்திரத்தின் முதற்பாடமாகும். உண்ணுதல், வளர்தல், இனம் பெருக்குதல் ஆகியவற்றோடு, வெளியிலிருந்து வரும் தூண்டுதலுக்கேற்ப மாறுதலடைவதும் உயிரின் இலக்கணமாம். பிராணிகளிடத்தில் இதனை எளிதிற் காண்கிறோம். ஆனால், அசையாது நிற்கும் மரமும் அவ்வாறு மாறுதலடைகிறதா? இவ்வினாவிற்கு விடை தேடித் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்ட ஆசார்ய ஜகதீச சந்திர போஸின் சரித்திரத்தை நம் வாலிபர்கள் யாவரும் அறிதல் வேண்டும்.

1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி மைமன்சிங்கில் அவர் பிறந்தார். தந்தை பகவான் சந்திரர் சர்க்கார் உத்தியோகஸ்தர். இங்கிலீஷ் பள்ளியே கௌரவமென்று கருதப்பட்ட அக்காலத்தில், அவர் தம் குமாரரை வங்காளிப் பள்ளியில் சேர்த்தார். செம்படவர் மகனோடும் முஸ்லிம் சேவகர் மகனோடும் சமமாக அமர்ந்து, பறவைகளையும் நீர்வாழ் ஜந்துக்களையும் பற்றிய கதைகளைக் கேட்ட சிறுவனிடத்தில் இயற்கையை ஆராயும் வேட்கை முளைத்தது.

கேம்பிரிட்ஜில் கற்றுத் திரும்பிய அவர், 1885-இல் கல்கத்தா பிரஸிடென்ஸி கலாசாலையில் பௌதிக ஆசிரியரானார். இந்தியர் என்பதற்காக வெள்ளையருக்குரிய சம்பளத்தைவிட மிகக் குறைந்த தொகையே அவருக்கு விதிக்கப்பட்டது. அவர் பதவியை விடவுமில்லை. அந்தச் சம்பளத்தைத் தொடவுமில்லை. குடும்பம் கடனில் வருந்திய போதிலும், மூன்றாண்டுகள் ஊதியமின்றியே போதித்தார். இறுதியில் துரைத்தனத்தார் பணிந்து, முழுச் சம்பளத்தையும் பழைய பாக்கியோடு அளித்தனர்.

முதலில் மின்சார அலைகளை ஆராய்ந்த அவர், பின்னர் தாவரங்களின்பால் கவனத்தைத் திருப்பினார். தொட்டாற்சுருங்கியும் தொழுகண்ணியும் அவருக்கு ஆசான்களாயின. கண்ணுக்குப் புலனாகாத வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்னும் கருவியை அமைத்தார். புகையேற்றிய கண்ணாடித் தகட்டில் செடியே தன் சாட்சியத்தை எழுதுமாறு செய்தார். தொட்டால் அசையாத சாதாரணச் செடிகளிலும், தூண்டியவுடன் மின்சார மாறுதல் தோன்றுவதைக் காட்டினார்.

1901-இல் லண்டன் ராயல் சங்கத்தில் இதனை அவர் எடுத்துரைத்தபோது, உடலியல் பண்டிதர்கள் எதிர்த்தனர். அவரது கட்டுரை அச்சேறவில்லை. அவர் சோர்வடையாமல், 1902-லும் 1906-லும் தம் சோதனைகளைத் தாமே நூல்களாக வெளியிட்டார். அதே சங்கம் 1920-இல் அவரை அங்கத்தினராக ஏற்றது.

அவர் கூறியவை அனைத்தும் நிலைத்துவிடவில்லை என்பதையும் நாம் மறைக்கலாகாது. தாவரத்துக்கு நரம்புமில்லை, மூளையுமில்லை. அது நம்மைப்போல் நோவை உணர்கிறதென்பதற்குச் சான்றுமில்லை. ஆயினும், தொட்டாற்சுருங்கியைத் தொட்டவுடன் அதனுள் மின்சாரக் குறிப்பு ஓடுகிறது, இலைக்காம்பின் அடியிலுள்ள உயிரணுக்கள் நீரை இழந்து தளர்கின்றன, இலை சாய்கிறது. இம்மின்சாரக் குறிப்பைப் பிற்கால ஆராய்ச்சியும் உறுதி செய்துள்ளது.

1917-இல் தமது பிறந்த நாளன்று கல்கத்தாவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவிய அவர், 1937 நவம்பர் 23-இல் காலமானார். அவமதிப்புக்கு அவர் அளித்த விடை வெறும் ஆவேசமன்று, மற்றொரு சோதனை. நம் முன்னோர் அறியாதது யாதுமில்லையென்று மேடையில் முழங்குவோர், ஒரு செடியின் முன் பொறுமையுடன் அமர்ந்த இந்தத் தேசபக்தரை எண்ணிப் பார்ப்பார்களாக.