ஏரிக்கரையில் ஒரு குட்டி வீடு

சுவிட்சர்லாந்து நாட்டில் ஜெனீவா ஏரிக்கரையில் கோர்சோ என்றொரு கிராமம் இருக்கிறது. அங்கே ஒரு சின்னஞ்சிறு வீடு. அதன் அகலம் வெறும் 4 மீட்டர்தான்; நீளம் 16 மீட்டர். ஏறக்குறைய ஒரு ரயில் பெட்டியைப் போல நீண்டு கிடக்கும். ஒரு மகன் தன் அப்பா, அம்மாவுக்காகக் கட்டிக்கொடுத்த வீடு அது. அந்த மகன் யார் தெரியுமா? நம் நாட்டின் சண்டிகர் நகரத்தைத் திட்டமிட்ட கட்டடக்கலை மேதை லெ கார்பூசியே!

1887-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் லா ஷோ த ஃபோன் என்ற ஊரில் அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஷார்ல் எதுவார் ஜான்னரே. கைக்கடிகாரங்களுக்குப் புகழ்பெற்ற ஊர் அது. அப்பா கடிகார முகப்புகளுக்கு எனாமல் பூசும் தொழிலாளி. அம்மா பியானோ கற்றுக்கொடுப்பவர்.

சிறுவன் ஷார்லும் கடிகாரக் கூடுகளில் சித்திரம் செதுக்கத்தான் கலைப்பள்ளியில் சேர்ந்தான். ஆனால் அவனுக்குக் கண்பார்வை குறைவு. நுணுக்கமான அந்த வேலை ஒத்துவராது என்று கண்ட ஆசிரியர், கட்டடம் வடிவமைக்கும் பக்கம் அவனைத் திருப்பிவிட்டார்.

1912-இல், 25 வயதை எட்டும்போது, பெற்றோருக்காக ஒரு வீடு கட்டினார். மலைச்சரிவில் எழுந்த பெரிய வெள்ளை வீடு. பார்த்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் போட்ட கணக்கைத் தாண்டிச் செலவு எகிறிவிட்டது. அப்பாவின் சேமிப்பெல்லாம் அதிலேயே கரைந்தது. வீட்டைப் பராமரிக்கவும் முடியவில்லை. கடைசியில் 1919-இல் நஷ்டத்துக்கே அதை விற்க வேண்டியதாயிற்று. ஆசையாகக் கட்டிய வீடே அப்பா, அம்மாவுக்குச் சுமையாகிப்போனது!

அதற்குள் மகன் பாரிஸ் நகரத்துக்குக் குடிபெயர்ந்திருந்தார். 1920-இல் லெ கார்பூசியே என்ற புதுப்பெயரையும் சூட்டிக்கொண்டார். புகழ் மெல்ல வளர்ந்தது. பெற்றோருக்கோ வயதாகிக்கொண்டிருந்தது. இந்த முறை அவர்களுக்குத் தேவையான அளவுக்கு மட்டும் ஒரு வீடு கட்டித்தர முடிவு செய்தார்.

பொதுவாக முதலில் மனை வாங்குவார்கள். பிறகு வரைபடம் போடுவார்கள். இவர் தலைகீழாகச் செய்தார். இருவர் வாழ எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்கிட்டு, முதலில் வரைபடத்தை வரைந்தார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் மனை தேடி அலைந்தார். 1923-இல் சாலைக்கும் ஏரிக்கும் நடுவே ஒடுங்கிய ஒரு துண்டு நிலம் கிடைத்தது. கைக்கு உறை பொருந்துவதுபோல வரைபடம் அதில் அப்படியே பொருந்தியது!

இவ்வளவு ஒடுக்கமான வீட்டில் மூச்சு முட்டாதா? அதற்கும் வழி செய்தார். ஏரியைப் பார்த்த சுவரில் சுமார் 11 மீட்டர் நீளத்துக்கு ஒரே ஜன்னல் வைத்தார். பழைய வீடுகளில் கூரையின் பாரத்தைச் சுவர்தான் தாங்கும். அதனால் பெரிய ஜன்னல் வைக்க முடியாது. இங்கே மெல்லிய தூண்கள் பாரத்தைத் தாங்கின. கூடம், படுக்கையறை, குளியலறை மூன்றிலிருந்தும் ஏரியும் மலைகளும் தெரிந்தன. மடக்குத் தடுப்பை இழுத்துவிட்டால் கூடத்தின் ஒரு பகுதியே விருந்தினர் அறை! தட்டையான கூரையில் மண் பரப்பிப் புல் வளர்த்தார். அது கோடை வெயிலையும் குளிரையும் தடுத்தது.

தோட்டத்தில் இன்னொரு வேடிக்கை. ஏரியை மறைத்து ஒரு சுவர் எழுப்பி, அதில் ஒரே ஒரு சதுரத் திறப்பு விட்டார். முன்னால் ஒரு மேசை போட்டார். எப்போதும் முழுதாகத் தெரிந்துகொண்டே இருந்தால் காட்சி சலித்துவிடும், சட்டம் போட்டதுபோல் கொஞ்சம் தெரிந்தால்தான் கண் அதை நாடும் என்பது அவர் எண்ணம். வீட்டு நாய் தெருவை வேடிக்கை பார்க்கக்கூட மதிலில் ஒரு சிறு திறப்பு வைத்தார்!

எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. ஏரியின் நீர்மட்டம் ஏறி இறங்கும்போதெல்லாம் மண்ணுக்கடியில் இருக்கும் நீரும் ஏறி இறங்கியது. நிலவறையைத் தண்ணீர் படகைப்போல மேலே தள்ளியது. சுவரில் விரிசல் விழுந்தது. பின்னாளில் அலுமினியத் தகடுகளைப் பொருத்திச் சரிசெய்தார். இந்தப் பிழையையும் மறைக்காமல், 1954-இல் அந்த வீட்டைப் பற்றி வெளியிட்ட சிறு நூலில் எழுதினார்.

அப்பா அந்த வீட்டில் வெகுகாலம் வாழவில்லை, 1926-இல் காலமானார். அம்மாவோ 1960-இல் மறையும்வரை, நூறு வயதை நெருங்கும்வரை, அங்கேயே வாழ்ந்தார்.

1950-களில் பஞ்சாபின் புதிய தலைநகரான சண்டிகரைத் திட்டமிட்டு, அங்கே சட்டமன்றம், உயர்நீதிமன்றம் போன்ற பிரம்மாண்டக் கட்டடங்களைப் படைத்தார் லெ கார்பூசியே. ஆனால் தனக்கென்று பிரான்ஸின் கடற்கரையில் அவர் கட்டிக்கொண்டது 4 மீட்டர்கூட அகலமில்லாத ஒரு மரக்குடில்! 1965 ஆகஸ்ட் 27 அன்று அங்கே கடலில் நீந்தும்போது உயிர் நீத்தார்.

2016-இல் அவருடைய 17 படைப்புகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அந்தப் பட்டியலில் சண்டிகரின் மாபெரும் அரசுக் கட்டடங்கள் இருக்கின்றன. அவற்றோடு சரிசமமாக அம்மா, அப்பாவுக்குக் கட்டிய அந்தக் குட்டி வீடும் இருக்கிறது!