வீழாத மல்லனை வீழ்த்தியது யார்?

மாலை வேளையில் திருவல்லிக்கேணிக் கடற்கரைக்கு வந்து பாருங்கள், தோழர்களே! உழைத்துக் களைத்தவர்கள் மணலிலே சாய்ந்திருப்பார்கள். சற்றுத் தள்ளி இரண்டு சிறுவர்கள் கட்டிப் புரண்டுகொண்டிருப்பார்கள். ஒருவன் முதுகிலே மண் ஒட்டும். சுற்றி நிற்பவர்கள் கைகொட்டுவார்கள். விழுந்தவன் எழுவான், மணலைத் தட்டிவிடுவான், இன்னொரு ஆட்டம் என்று விரலை நீட்டுவான்.

அந்த விரல்தான் வீரத்தின் உயிர்! வடசென்னையிலே சார்பட்டாப் பரம்பரையும் இடியப்ப நாயக்கர் பரம்பரையும் குத்துச்சண்டை மேடையில் தலைமுறை தலைமுறையாக மோதியதற்கும் அந்த விரல்தான் காரணம். இன்று தோற்றவன் நாளை வருவான், வென்றவன் மறுக்கலாகாது. மறுத்தால், அவன் வெற்றி பாதி வெற்றிதான்.

அப்படி நீட்டிய விரலை 18 ஆண்டுகள் மடக்காமல் காத்திருந்த ஒரு மல்லனின் வரலாற்றைக் கேளுங்கள். பெயர் குலாம் முகமது. உலகம் அவனை அறிந்த பெயர், காமா.

1878இல் பிறந்தவன். பஞ்சாபிலே அமிர்தசரஸ் வட்டாரத்துக் குடும்பம். தந்தையும் மல்லர். ஆனால் பிள்ளைக்கு ஆறு வயது ஆகும்போதே தந்தை மறைந்தார். பாட்டனும் மாமனும் வளர்த்தனர். பாலும் பாதாமும் பிறகு வந்தவை. முதலில் வந்தவை தண்டாலும் பஸ்கியும் கோதா மண்ணுந்தான்.

1888இல் ஜோத்பூர் மன்னர் ஒரு போட்டி வைத்தார். பஸ்கி போடவேண்டும், கடைசிவரை நிற்பவனே வெற்றி பெற்றவன். நானூறுக்கு மேற்பட்ட மல்லர்கள் கூடினர். ஒவ்வொருவராகச் சாய்ந்தனர். எஞ்சிய பதினைந்து பேரிலே ஒருவன், பத்து வயதுப் பொடியன்! காமா! மன்னர் வியந்து அவனையே வென்றவன் என்றார். தாத்தியா சமஸ்தானம் அவனை அழைத்து ஆதரித்தது. அன்று தொடங்கியது அரண்மனைச் சோறு. இதை நினைவில் வையுங்கள், தோழர்களே, பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

அந்நாளில் இந்தியாவின் பெருமல்லன் ரஹீம் பக்ஸ் சுல்தானிவாலா. ஏறத்தாழ ஏழு அடி உயரம்! காமாவோ ஐந்தரை அடிக்குச் சற்றே மேல். பதினேழு வயதில் அந்த மலையை நோக்கி விரலை நீட்டினான். மணிக்கணக்கில் நடந்தது போர். விழவில்லை மலை, விழவில்லை மடுவும். முடிவு, சமன். பிறகும் மோதினர், பிறகும் சமன். ஊர் ஊராகச் சென்று மற்ற மல்லர்களை எல்லாம் மண்கவ்வ வைத்தான் காமா. ரஹீம் ஒருவன் மட்டும் எஞ்சி நின்றான்.

1910இல் தம்பி இமாம் பக்ஸுடன் இலண்டனுக்குக் கப்பலேறினான். அங்கே என்ன வரவேற்பு? உயரம் போதாது என்றார்கள்! போட்டியில் சேர்க்க மறுத்தார்கள். ஆளை அளந்தார்கள், ஆற்றலை அளக்கவில்லை. சாதியைக் கேட்டு வாசலில் நிறுத்துகிற வழக்கம் நமக்குத் தெரியும். உயரத்தைக் கேட்டு வாசலில் நிறுத்துவது சீமை வழக்கம் போலும்!

காமா ஊர் திரும்பவில்லை. எந்த எடையினராயினும் சரி, மூவரை அரை மணி நேரத்தில் வீழ்த்துகிறேன் என்று அறைகூவினான். விளம்பரத் தந்திரம் என்று சிரித்தார்கள். பெஞ்சமின் ரோலர் என்ற அமெரிக்க மல்லர் கோதாவில் இறங்கினார். முதல்முறை 1 நிமிடம் 40 விநாடி, இரண்டாம்முறை 9 நிமிடம் 10 விநாடி. இருமுறையும் ரோலரின் முதுகு விரிப்பைத் தொட்டது. சிரித்தவர்கள் வாய் மூடினர். கதவு திறந்தது.

செப்டம்பர் 10. எதிரே ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோ, போலந்து நாட்டவன், கொழுத்த காளை போன்றவன், உலகின் முன்னணி மல்லர்களில் ஒருவன். பரிசு 250 பவுனும், ஜான் புல் பெயரால் ஒரு வெற்றிக் கச்சையும். முதல் நிமிடத்திலேயே காமா அவனைக் கீழே தள்ளிவிட்டான். ஆனால் முதுகு மண்ணில் பட்டால்தானே தோல்வி? ஸ்பிஸ்கோ நாலு காலில் ஆமைபோல் பதுங்கிக்கொண்டான். 2 மணி 35 நிமிடம், ஆமை ஓட்டை விட்டு வெளியே வரவே இல்லை! பார்த்தவர்கள் முகம் சுளித்தனர். சமன் என்று அறிவித்து, மறுபோட்டிக்கு நாள் குறித்தனர்: செப்டம்பர் 17.

அந்த நாள் வந்தது. காமா வந்தான். ஸ்பிஸ்கோ வரவில்லை. கச்சை காமாவுக்கே கிடைத்தது. எதிரி வராததால் கிடைத்த வெற்றி இனிக்குமா? உண்ணாமல் ஏப்பம் விடுவது போலத்தான்!

நாடு திரும்பியபின் ரஹீமோடு பழைய கணக்கு தீர்ந்தது. அலகாபாத்திலே நெடுநேரப் போருக்குப் பின், விலா அடிபட்டு ரஹீம் விலகினான். இந்திய மல்லர்களுக்கெல்லாம் தலைவன் யார் என்ற கேள்வி அத்தோடு முடிந்தது. ஸ்பிஸ்கோ கணக்கு மட்டும் நின்றது.

அந்த ஸ்பிஸ்கோவை இகழ்ந்துவிட்டுப் போய்விடாதீர்கள், தோழர்களே! அவனும் ஆண்மையாளன்தான். அமெரிக்கா சென்றான், 1921இல், 42 வயதில், உலக வெற்றியாளனானான். மறு ஆண்டு பட்டத்தைப் பறிகொடுத்தான். முடிந்தது இவன் காலம் என்றனர். 1925இல், 46 வயதில், மீண்டும் அதைப் பிடித்தான். சில வாரங்களில் மீண்டும் இழந்தான். விழுந்து விழுந்து எழுந்தவன், இலண்டன் கறையைத் துடைக்காமல் ஓய்வதில்லை என்று புறப்பட்டான். பாட்டியாலா மன்னர் களம் அமைத்தார். 1928 ஜனவரி. பல்லாயிரம் மக்கள் கூடினர். ஸ்பிஸ்கோவுக்கு 48, காமாவுக்கு 49. இருவரும் இளைஞரல்லர். நெடும்போர் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தது கூட்டம். ஒரு நிமிடம் முழுதாக ஆகவில்லை. ஸ்பிஸ்கோவின் முதுகு மண்ணிலே! இம்முறை ஆமையாகக்கூட நேரமில்லை.

வயதைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு களம் திரும்புவது எளிதன்று. நம் சென்னைக்கே 1980இல் முகமது அலி வந்தார். நேரு விளையாட்டரங்கிலே காட்சிப் போட்டி நடத்தி மக்களை மகிழ்வித்தார். அதே ஆண்டு அக்டோபரில், 38 வயதில், பட்டத்தைத் திரும்பப் பெற லாரி ஹோம்ஸை எதிர்த்தார். பத்துச் சுற்று அடி வாங்கினார். பதினோராவது சுற்றுக்கு அவரை அனுப்ப அவரது பக்கத்தாரே மறுத்தனர். களத்துக்கு வருகிறவனை மக்கள் வரவேற்கிறார்கள். காலம் மட்டும் இரக்கம் காட்டுவதில்லை.

காமாவைக் காலமும் கோதாவில் வெல்லவில்லை. 1929க்குப் பின் எதிர்க்க ஆளே இல்லை. பெரும் போட்டிகளில் ஒன்றிலும் அவன் முதுகு மண்ணைத் தொடவில்லை. அப்படியானால் அவனை வீழ்த்தியது யார்?

வறுமை, தோழர்களே! வறுமை!

ஜோத்பூரில் பரிசு, தாத்தியாவில் சோறு, பாட்டியாலாவில் ஆதரவு, 1922இல் இங்கிலாந்து இளவரசர் தந்த வெள்ளிக் கதாயுதம். எல்லாம் மன்னர் மனம் குளிர்ந்து தந்தவை. மனம் குளிர்ந்தால் மாளிகை; மன்னரே மறைந்தால்? 1947இல் நாடு பிளந்தது. காமா லாகூரில் வாழ்ந்தான். வெறியர் கூட்டம் தெருவுக்குள் நுழைந்தபோது, அக்கம்பக்கத்து இந்துக் குடும்பங்களுக்கு அரணாக நின்றவன் இந்த முஸ்லிம் மல்லன். எழுபதை நெருங்கிய அந்த உடம்பு ஆடிய ஆட்டங்களிலெல்லாம் பெரிய ஆட்டம் அதுதான். அதற்குப் பரிசும் இல்லை, கச்சையும் இல்லை.

சமஸ்தானங்கள் போயின. ஆதரித்த கைகள் போயின. நோய் வந்தது. மருந்துக்குப் பணமில்லை. எல்லைக்கு இப்பாலிருந்து செல்வர் பிர்லா உதவித் தொகை அனுப்பினார் என்றால், நிலைமை எப்படி இருந்திருக்கும்! 1960 மே 23, லாகூரிலே கண் மூடினான் காமா.

இதிலே நமக்கென்ன என்று கேட்பீர்கள். நமக்குத்தான் எல்லாம்! உடம்பை முதலாக வைத்துப் பிழைப்பவன் மல்லன் மட்டுமா? மூட்டை சுமப்பவன் யார்? துறைமுகத்திலே தோள் தேய்ந்தவன் யார்? வண்டி இழுத்து வயிறு கழுவியவன் யார்? உடம்பு உழைக்கும்வரை ஊர் கைகொட்டும். உடம்பு ஓய்ந்தபின் யார் தயவிலே வாழ்வது?

தயவு என்ற சொல்லே கூடாது என்பதுதான் காமா வரலாறு தருகிற பாடம். மன்னர் தந்தால் அது கருணை. சட்டம் தந்தால் அது உரிமை. கருணை மன்னரோடு சாகும். உரிமை நம் பிள்ளைகளுக்கும் வரும். நலிந்த விளையாட்டு வீரர்களுக்கு ஓய்வூதியம் தமிழ்நாட்டிலே இருக்கிறது; நல்லது. ஆனால் அது பதக்கமும் சான்றிதழும் காட்டக்கூடியவனுக்குத்தான். பேட்டைக் கோதாவிலே மண் பூசிக்கொண்டவனிடம், பரம்பரைப் பெயருக்காக மேடையிலே பல்லை இழந்தவனிடம், சான்றிதழ் ஏது? அவன் பெயரும் ஏட்டிலே ஏறவேண்டும், கேட்டுப் பெறவேண்டும். கேட்க வேண்டியவர்கள் நாம்.

நாளை மாலை கடற்கரைக்குப் போகும்போது, அந்தச் சிறுவர்களை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். ஓரமாக உட்கார்ந்து அவர்கள் பிடியைக் கவனிக்கும் கிழவரையும் பாருங்கள். காது மடங்கியிருக்கும், விரல் வளைந்திருக்கும். அருகே அமருங்கள், எந்தக் கோதா என்று கேளுங்கள். விழுந்தவனுக்கு இன்னொரு ஆட்டம் உண்டு என்பது கோதாவின் சட்டம். அதை நாட்டின் சட்டமாக்குவது நம் வேலை!