கையேந்திய ஆசிரியை

மார்கழி பிறந்துவிட்டால் நம் திருமங்கலத்திற்குத் தனிக் களை வந்துவிடுகிறது. சபரிமலைக்குச் செல்லும் பக்தர்களின் வண்டிகள் வரிசையாய்ப் போகின்றன. பெருமாள் கோயில்களில் வைகுண்ட ஏகாதசி. மாதா கோயில்களில் குடிலும் விண்மீனும். அடுத்துப் புத்தாண்டு, அதை அடுத்துப் பொங்கல். இந்த நாட்களில்தான் பேருந்து நிலையத்திலும் கோயில் வாசல்களிலும் நம்மை நோக்கி நீளும் கைகளும் பெருகுகின்றன. நம்மில் சிலர் சில்லறையைப் போட்டுவிட்டு விரைகிறோம். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். சிலர், உழைத்துப் பிழைக்கக் கூடாதா என்று புத்தி சொல்கிறோம். இம்மூன்றில் எது சரி என்ற கேள்வி மட்டும் வீடு வரை கூடவே வருகிறது.

இதே கேள்வி, கடல் கடந்து நம் நாட்டில் குடியேறிய ஐரோப்பியர் எத்தனையோ பேரை வாட்டியிருக்கிறது. அவர்களிலும் பலர் மேற்சொன்ன மூன்று வழிகளில் ஒன்றையே கைக்கொண்டனர். நாலாவதாக ஒரு வழியைக் கண்டார் ஒரு பெண்மணி. அவர் ஒரு பள்ளி ஆசிரியை. அதுவும் நம் பள்ளியைப் போன்ற ஒரு கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியின் ஆசிரியை. அன்னை தெரசா என்று உலகம் அறிந்த அவருடைய வாழ்வை இங்கே சிறிது நினைவுகூர்வோம்.

1910-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26-ஆம் நாள், பால்கன் நாட்டு ஸ்கோப்யே நகரில் ஓர் அல்பேனியக் குடும்பத்தில் பிறந்தார் அவர். ஆக்னஸ் கோன்ஜா என்பது பெற்றோர் இட்ட பெயர். சுமார் எட்டு வயதிருக்கும்போது தந்தை திடீரென்று இறந்தார். அதுவரை வசதியாக வாழ்ந்த குடும்பம் நிலை தாழ்ந்தது. தாயார் திரானா தையலும் பூவேலையும் செய்து மூன்று பிள்ளைகளை வளர்த்தார். ஆயினும் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரேனும் ஓர் ஏழை அமராத நாள் அரிது. அவர்கள் யார் என்று பிள்ளைகள் கேட்டால், சிலர் உறவினர், மற்றவர்களும் நம்மவர்களே என்று தாயார் சொல்வாராம். அன்னை தெரசா கற்ற முதற்பாடம் இதுவே. பிச்சைக்காரர் என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் இடமிருக்கவில்லை. விருந்தாளி என்ற சொல்லே இருந்தது.

பதினெட்டு வயதில், 1928-இல், அயர்லாந்து சென்று லொரேட்டோ கன்னியர் சபையில் சேர்ந்தார். வழியனுப்பிய தாயாரை அதன்பின் அவர் காணவே இல்லை. 1929-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் கல்கத்தா வந்திறங்கினார். டார்ஜிலிங்கில் நவகன்னியர் பயிற்சி முடித்தார். லிசியே நகர்த் தெரேசம்மாளின் பெயரே அவருடைய துறவறப் பெயர். பிறகு கல்கத்தாவின் என்டாலி பகுதியில் இருந்த புனித மரியாள் பள்ளியில் வங்காள மொழியிலேயே வரலாறும் புவியியலும் கற்பித்தார். 1944-இல் அப்பள்ளியின் தலைமையாசிரியை ஆனார். பூச்செடிகளும் புல்வெளியும் நிறைந்த அந்த வளாகத்தின் மதிலுக்கு அப்பால் மோத்திஜில் என்ற சேரி இருந்தது. மாதா சபையைச் சேர்ந்த மாணவிகள் ஓய்வு நாட்களில் அங்கே சென்று ஏழைகளைப் பார்த்து வருவதுண்டு. அவர்கள் திரும்பி வந்து சொல்லும் செய்திகளை ஆசிரியை கேட்டு மனத்தில் வைத்துக்கொண்டார்.

1943-இல் வங்காளத்தைப் பெரும்பஞ்சம் பிடித்தது. பல இலட்சம் மக்கள் மாண்டனர். கிராமங்களிலிருந்து கல்கத்தாத் தெருக்களுக்கு வந்து கையேந்தியவர்கள் நடைபாதையிலேயே விழுந்து இறந்தனர். 1946-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் நாள் நகரில் மதக்கலவரம் மூண்டபோது விடுதி மாணவியர் முந்நூறு பேருக்கு உணவில்லை. சகோதரி தெரசா தாமே தெருவில் இறங்கி அரிசி தேடிப் போனார். அன்று அவர் கண்ட பிணங்கள் அவர் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை. சில வாரங்கள் சென்று, செப்டம்பர் 10-ஆம் நாள், டார்ஜிலிங் செல்லும் இரயிலில் அவருக்கு ஓர் அழைப்பு உள்ளத்தில் ஒலித்தது. மடத்தை விட்டு வெளியேறி, ஏழையரிலும் ஏழையரோடு அவர்கள் நடுவிலேயே வாழ வேண்டும் என்பதே அந்த அழைப்பு.

நினைத்தவுடன் அவர் ஓடிவிடவில்லை என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பேராயரின் இசைவுக்கும் உரோமையின் அனுமதிக்கும் பொறுமையோடு காத்திருந்தார். 1948-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17-ஆம் நாள் நீலக்கரையிட்ட வெள்ளைப் புடவை உடுத்தி மடத்தின் வாயிலைக் கடந்தார். நேரே சேரிக்குப் போகாமல், முதலில் பாட்னாவில் மருத்துவக் கன்னியரிடம் நோயாளரைப் பேணும் பயிற்சி பெற்றார். தாமும் தம்மோடு சேருவோரும் சோறும் உப்பும் மட்டுமே உண்பது என்று அவர் எண்ணியிருந்தார். அந்தக் கன்னியர் அதைக் கண்டித்தனர். சத்தில்லாமல் நோயில் விழுகிறவர்கள் ஏழைக்கு எப்படி உதவ முடியும் என்று எடுத்துக்காட்டினர். அவரும் அதை ஏற்றுக்கொண்டார். நல்ல மனம் இருந்தால் மட்டும் போதாது, கற்றுக்கொள்ளவும் வேண்டும் என்பதற்கு இது சான்று.

அவ்வாண்டு டிசம்பர் 21-ஆம் நாள், கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு நான்கு நாட்களே இருக்கையில், அவர் மோத்திஜில் சேரியில் காலடி வைத்தார். பள்ளிக்கூடம் கட்டப் பணமில்லை. பலகையில்லை, பெஞ்சு இல்லை. ஒரு குச்சியை எடுத்து மண் தரையில் வங்காள எழுத்துக்களை எழுதினார். சிறுவர் சிலர் சுற்றி அமர்ந்தனர். தலைவாரவும் கை கழுவவும் கற்றுக் கொடுத்தார். நன்றாகப் படித்தவர்க்கும் ஒழுங்காய் வந்தவர்க்கும் சவர்க்காரக் கட்டிகளைப் பரிசளித்தார். அந்தப் பிள்ளைகளுக்கு அவர் தந்தது எழுத்து, தூய்மை, தங்கள் பெயர் சொல்லி அழைக்கும் ஓர் ஆசிரியை. மறுநாளும் அவர் வருவார் என்ற நம்பிக்கையும் அதனோடு சேர்ந்தே கிடைத்தது.

அந்நாட்களில் அவரே பிச்சைக்காரியானார். மருந்துக்காகக் கடைகளின் படியேறினார். பிள்ளைகளின் பாலுக்காகவும் வாடகை வீட்டுக்காகவும் வாசல் வாசலாய் நடந்தார். சிலர் கொடுத்தனர், சிலர் விரட்டினர். மருந்துக் கடைக்காரர் ஒருவர் மறுத்துவிட, அவர் அங்கேயே அமர்ந்து செபமாலை சொன்னார் என்றும், கடைசியில் அவர் மனமிரங்கி மருந்துகளைக் கட்டிக் கொடுத்தார் என்றும் சொல்வார்கள். கையும் காலும் ஓய்ந்துபோன ஒரு நாள், மடத்தின் வசதிக்கே திரும்பிவிடலாமா என்ற சோதனை வந்ததைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். வீடு தேடி அலையும் ஏழைக்கு உடலும் உள்ளமும் எப்படி வலிக்கும் என்பது தமக்கு அன்றுதான் புரிந்தது என்பது அந்தக் குறிப்பின் சாரம். கொடுக்கிற கையாக மட்டும் இருந்தவர், கேட்கிற கையின் கூச்சத்தையும் உணர்ந்தார். பிற்காலத்தில் அவர் யாரையும் இழிவாய்ப் பேசாமைக்கு இந்த நாட்களே காரணம் என்று நாம் கருதுகிறோம்.

1949-ஆம் ஆண்டு மார்ச் 19-ஆம் நாள், அவரிடம் படித்த சுபாசினி தாஸ் என்ற மாணவி வந்து சேர்ந்தார். ஆசிரியையின் இயற்பெயரான ஆக்னஸ் என்பதையே தம் துறவறப் பெயராகக் கொண்டார். முதலில் வந்தவர்களில் பெரும்பாலோர் பழைய மாணவிகளே. படிப்பைப் பாதியில் விட்டு வர அன்னை விடவில்லை; தேர்வை எழுதி முடிக்கச் செய்தார். அவர்களில் ஒருவர் மருத்துவரும் ஆனார். 1950-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள் அன்பின் பணியாளர் சபைக்குத் திருச்சபையின் ஏற்பு கிடைத்தது. அன்னை இந்தியக் குடியுரிமையும் பெற்றார். வெளிநாட்டுக்காரியாய் வந்தவர் நம் நாட்டுக் குடிமகள் ஆனார்.

1952-இல் காளிகட்டத்தில் காளி கோயிலை ஒட்டிய பழைய யாத்திரிகர் விடுதியை மாநகராட்சி தர, தெருவில் இறப்போருக்கான இல்லம் பிறந்தது. மதம் மாற்ற வந்தவர் என்று எதிர்த்தவர்கள் உண்டு. அவரவர் சமய முறைப்படியே இறுதிச் சடங்கு நடந்ததைக் கண்டு எதிர்ப்பு அடங்கியது. 1955-இல் கைவிடப்பட்ட குழந்தைகளுக்குச் சிசு பவன் எழுந்தது. 1964 டிசம்பரில் பம்பாய் நற்கருணை மாநாட்டிற்கு வந்த பாப்பரசர் ஆறாம் சின்னப்பர், தாம் பவனி வந்த விலையுயர்ந்த காரை அவருக்கே அளித்தார். அன்னை அதில் ஒரு நாளும் ஏறவில்லை. அதைப் பரிசுச்சீட்டுக் குலுக்கலில் விட்டு, வந்த பணத்தைத் தொழுநோயாளரின் சாந்தி நகருக்குக் கொடுத்தார்.

அவர் மீது குறை சொன்னவர்களும் உண்டு. மீனைக் கொடுப்பதைவிடத் தூண்டிலைக் கொடுப்பதே மேல், வறுமையின் வேரை அவர் வெட்டவில்லை என்றனர். அவருடைய இல்லங்களில் மருத்துவ வசதி போதாது என்றும் மருத்துவர் சிலர் எழுதினர். இவற்றை நாம் மறைக்க வேண்டியதில்லை. தூண்டிலைப் பிடிக்கவும் வலுவில்லாதவர்களே தம்மிடம் வருகிறார்கள். அவர்கள் எழுந்து நின்றபின் தூண்டிலைக் கொடுக்கப் பிறர் வரட்டும் என்பது அன்னையின் நிலை. அந்தப் பிறர் நாமாக இருக்கலாம் அல்லவா?

அவர் திரும்பத் திரும்பச் சொல்லி வந்த நிகழ்ச்சிகள் மூன்று. எட்டுப் பிள்ளைகளோடு பட்டினி கிடந்த ஓர் இந்துக் குடும்பத்திற்கு அன்னை அரிசி கொண்டு சென்றார். அந்தத் தாய் அதை உடனே இரண்டாய்ப் பிரித்து, பட்டினி கிடந்த முஸ்லிம் அண்டை வீட்டாருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கல்கத்தாவில் சர்க்கரைத் தட்டுப்பாடு வந்தபோது நாலு வயதுச் சிறுவன் ஒருவன் மூன்று நாள் சர்க்கரை உண்ணாமல் இருந்து, அதை அன்னையின் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தான். தெருவில் ஒரு பிச்சைக்காரர், அன்று முழுவதும் தமக்குக் கிடைத்த சில்லறையை அப்படியே அன்னையிடம் நீட்டினார். வாங்கினால் அவர் பட்டினி. வாங்காவிட்டால் அவர் மனம் நோகும். அன்னை வாங்கிக்கொண்டார். அந்த முகத்தில் கண்ட மகிழ்ச்சியைத் தமக்குக் கிடைத்த பெரிய பரிசுகளுக்கும் மேலாகப் போற்றினார்.

1979 டிசம்பரில் ஆஸ்லோவில் நோபல் பரிசு பெற்றபோது, வழக்கமான விருந்தை நிறுத்தி, அந்தப் பணத்தை ஏழைகளுக்குத் தரும்படி கேட்டு வாங்கினார். 1980-இல் பாரத ரத்னா விருது வந்தது. 1984-இல் நம் தமிழக அரசு கொடைக்கானலில் பெண்களுக்கென நிறுவிய பல்கலைக்கழகம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1997-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தபோது, சபையில் ஏறக்குறைய நாலாயிரம் சகோதரிகள் இருந்தனர். 123 நாடுகளில் 610 இல்லங்கள் இருந்தன. 2007-இல் அவருடைய கடிதங்கள் நூலாக வந்தன. பல ஆண்டுகள் ஆண்டவரின் அருகாமையை உணராமல் அவர் இருளில் தவித்தார் என்று அவை காட்டின. உள்ளே ஆறுதல் இல்லாதபோதும் வெளியே புன்னகை குறையவில்லை. அதிகாலை எழுந்து பணிக்குப் போவதும் நிற்கவில்லை. 2016-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் திருச்சபை அவரைப் புனிதையாக உயர்த்தியது.

அன்புள்ள மாணவியரே! நம் மாகாணத்தில் பிச்சையெடுப்பதைத் தடுக்க 1945-லேயே சட்டம் வந்தது. கைகள் நீள்வது நின்றபாடில்லை. பசியைச் சட்டத்தால் மட்டும் கட்டிவைக்க முடியாது. சில்லறையால் மட்டும் தீர்க்கவும் முடியாது. அன்னை கண்ட நாலாவது வழி எளியது: நிற்பது, முகத்தைப் பார்ப்பது, பெயரைக் கேட்பது, அவருக்கு வேண்டியது என்னவென்று அறிந்து அதைத் தேடிப் போவது. பசித்தவர்க்குச் சோறு, நோயாளிக்கு மருத்துவமனை, வழியற்ற முதியவர்க்கு இல்லம். கையேந்துவது ஒரு குழந்தையானால் அதற்கு வேண்டியது பள்ளிக்கூடம். அப்படி ஒரு குழந்தையைக் கண்டால் பெற்றோரிடமோ ஆசிரியையிடமோ உடனே சொல்லுங்கள். 1098 என்ற எண்ணுக்குத் தெரிவித்தால் குழந்தைகளுக்கான உதவி கிடைக்கும்.

இதற்கெல்லாம் பெரும்பணம் வேண்டியதில்லை. அந்த நாலு வயதுச் சிறுவனிடம் இருந்தது மூன்று நாள் சர்க்கரைதான். நம்மிடம் அதைவிட அதிகமாகவே இருக்கிறது. இந்த விடுமுறையில் நம் விருந்தில் ஒரு பங்கு குறையட்டும். வேறோர் இலையில் அது பரிமாறப்படட்டும். அதைப் பரிமாறும் கை, மண் தரையில் எழுத்துச் சொல்லித்தந்த அந்த ஆசிரியையின் மாணவிக்குரிய கையாக இருக்கட்டும்.