மலாயாக் காட்டில் 3 ஆண்டுகள்: யார் இந்த ஸ்பென்சர் சாப்மன்?

தேசியச் சேவையில் காட்டுப் பயிற்சிக்குப் போய் வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நனைந்த காலுறை, கொசு, அட்டை, தூக்கமில்லாத இரவு... சில நாளிலேயே வீட்டுச் சாப்பாட்டுக்கு மனம் ஏங்கிவிடும்.

இங்கே ஒருவர் 3 ஆண்டுகளுக்கும் மேலாகக் காட்டில் இருந்தார். அதுவும் போர்க்காலத்தில், எதிரிப் படை தேடிக்கொண்டிருந்தபோது!

யார் இவர்?

ஃபிரெடி ஸ்பென்சர் சாப்மன், 1907இல் லண்டனில் பிறந்தவர். பிறந்த கொஞ்ச நாளிலேயே தாய் இறந்துவிட்டார். தந்தை முதல் உலகப் போரில் மாண்டார்.

இளம் வயதில் கிரீன்லந்துக்கு ஆய்வுப் பயணம் போனார். 1937இல், 7,000 மீட்டருக்கும் உயரமான சோமோல்ஹாரி சிகரத்தை எட்டினார். பனியில் பழகிய அவரை, 1941இல் பிரிட்டிஷ் ராணுவம் சிங்கப்பூருக்கு அனுப்பியது. ஜூரோங் வட்டாரத்தில், தஞ்சோங் பாலாயில் இருந்த 101ஆம் சிறப்புப் பயிற்சிப் பள்ளியில் வேலை.

காட்டுக்குள் ஏன் போனார்?

ஜப்பானியப் படை மலாயாவில் வேகமாக முன்னேறியது. அதற்குப் பின்னால் இருந்துகொண்டே அதைத் தாக்குவதுதான் சாப்மனின் திட்டம். 1942 தொடக்கத்தில், தஞ்சோங் மாலிம் வட்டாரத்தில் அவரும் 2 தோழர்களும் சுமார் 2 வாரம் ஓய்வே இல்லாமல் இயங்கினர். ரயில் பாதைகள், பாலங்கள், ராணுவ வாகனங்கள் வெடித்துச் சிதறின.

சிங்கப்பூர் வீழ்ந்தது. தோழர்கள் பிடிபட்டனர். சாப்மன் காட்டில் தங்கிவிட்டார். ஜப்பானியரை எதிர்த்த சீனப் போராளிகளின் முகாம்கள்தான் அவருக்கு அடைக்கலம்.

காடு அவரை என்ன செய்தது?

ஒருமுறை சுமார் 10 மைல் தூரத்தைக் கடக்க 12 நாள் ஆனது. ஈரத்திலேயே நடப்பதால் அட்டை கடித்த இடமெல்லாம் ஆறாத புண்ணாகும். மலேரியா போகும், மறுபடி வரும். ஒரு கட்டத்தில் 17 நாள் சுயநினைவே இல்லாமல் கிடந்தார். 1944இல் ஜப்பானியரிடம் பிடிபட்டவர், அன்று இரவே தப்பினார்!

காட்டில் சிக்கிய மற்ற பிரிட்டிஷ் வீரர்கள் பலர் சில மாதங்கள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. நோயைவிட நம்பிக்கை இழந்ததே அவர்களைக் கொன்றது என்பது சாப்மனின் கருத்து. காடு நண்பனும் இல்லை, எதிரியும் இல்லை, மனம்தான் முக்கியம் என்று 1949இல் வெளியான தமது புத்தகத்தில் வாதிட்டார்.

பிறகு?

1945 மே மாதம், பங்கோர் தீவருகே நீர்மூழ்கிக் கப்பல் ஏறி வெளியேறினார். போருக்குப் பிறகு பள்ளித் தலைமையாசிரியரானார், குடும்பஸ்தரானார். ஆனால் பிற்காலத்தில் முதுகுவலி, தலைவலி, வயிற்றுவலி என உடல் அவரை வாட்டிக்கொண்டே இருந்தது. 1971இல், 64 வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

இதற்குக் காடுதான் காரணம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒன்று மட்டும் உண்மை. போர் அனுபவம் மனத்தில் விட்டுச்செல்லும் பாதிப்பை, பேரதிர்ச்சிக்குப் பிந்திய மனநலப் பாதிப்பு என்று மருத்துவ உலகம் அதிகாரபூர்வமாகப் பட்டியலிட்டது 1980இல்தான். சாப்மன் இறந்து 9 ஆண்டுகளுக்குப் பிறகு!

மனத்தைத் திடமாக வைத்திரு என்று வீரர்களுக்குச் சொல்லிக்கொடுத்த காலம் அது. மனம் தளர்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்று அப்போது யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இன்று சொல்ல ஆள் இருக்கிறது.

மனம் கனமாக இருந்தால் தயங்காமல் பேசுங்கள். சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர், 24 மணி நேர உதவி எண்: 1767