சினம் தணிந்து திரும்பிய சித்தீக் (ரலி)

இஸ்லாத்தின் முதல் கலீபா ஹள்ரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களின் சரிதையை எழுதுவோர், அவர்களின் இளகிய உள்ளத்தையும் ஈகையையும் தௌர் குகைத் தோழமையையும் விரித்துரைப்பர். அவர்களுக்குச் சினமும் வந்ததுண்டு என்பதை அதிகம் சொல்வதில்லை. மரியாதை கருதி விட்டுவிடுகின்றனர் போலும். ஹதீஸ் பெருநூல்களோ அதனை மறைக்கவில்லை. சுடுசொல் பிறந்த பின் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்தே பதிந்து வைத்துள்ளன.

கி.பி. 573ஆம் ஆண்டளவில் மக்காவில், குறைஷியரின் தைம் கிளையில் பிறந்தவர்கள் அவர்கள். இயற்பெயர் அப்துல்லாஹ். துணி வாணிபத்தில் பொருளீட்டி, ஈட்டியதைத் தீனுக்காகவே செலவிட்டார்கள். 622இல் பெருமானார் (ஸல்) அவர்களுடன் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்தார்கள். இவையெல்லாம் நாம் அறிந்தவையே.

மதீனாவில் ஒருநாள் அவர்களுக்கும் ஹள்ரத் உமர் (ரலி) அவர்களுக்குமிடையே பேச்சு முற்றிவிட்டது. உமர் (ரலி) கோபத்துடன் புறப்பட்டுச் சென்றார்கள். அபூபக்கர் (ரலி) அவர்களுக்கு அக்கணமே மனம் வருந்திற்று. மன்னிப்புக் கேட்டவாறே பின்தொடர்ந்து போனார்கள். உமர் (ரலி) இணங்கவில்லை. அவர்களின் முகத்துக்கெதிரே கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அங்கிருந்து பெருமானார் (ஸல்) அவர்களின் திருச்சமூகத்துக்கு விரைந்தார்கள். முழங்கால் தெரியும்படி ஆடையைத் தூக்கிப் பிடித்தவாறு வந்த கோலத்தைக் கண்டதுமே, தம் தோழர் யாருடனோ சச்சரவிட்டு வருகிறார் என அண்ணலார் உணர்ந்துகொண்டார்கள். அபூபக்கர் (ரலி) நடந்ததைக் கூறினார்கள். உமர் என்ன சொன்னார் என்று பட்டியலிடவில்லை. தாம் அவசரப்பட்டதையும், வருந்தியதையும், மன்னிப்புக் கேட்டும் கிட்டாததையும் மட்டுமே சொன்னார்கள். அண்ணலார் அவர்களுக்காக மும்முறை துஆச் செய்தார்கள்.

இதற்குள் உமர் (ரலி) அவர்களும் வருந்தி, அபூபக்கர் (ரலி) அவர்களின் இல்லம் சென்று தேடி, அங்கே காணாது திருச்சமூகம் வந்தார்கள். அவர்களைக் கண்டதும் பெருமானார் (ஸல்) அவர்களின் திருமுகம் மாறிற்று. வழக்குத் தம் பக்கம் சாய்வதைக் கண்ட எவரும் அந்நேரம் வாய்மூடி மகிழ்ந்திருப்பர். அபூபக்கர் (ரலி) அவர்களோ பதறி மண்டியிட்டு, அதிகமாகத் தவறிழைத்தவர் தாமே என்று இருமுறை ஆணையிட்டுக் கூறினார்கள். தோழர் மீது அண்ணலாரின் அதிருப்தி விழுவதை அவர்களால் தாங்க இயலவில்லை. உலகோர் பொய்ப்பித்தபோது தம்மை மெய்ப்பித்தவர் அபூபக்கரே என்பதைப் பெருமானார் (ஸல்) அன்று அனைவருக்கும் நினைவூட்டினார்கள். அதன்பின் அபூபக்கர் (ரலி) அவர்களை எவரும் நோகச் செய்யவில்லை.

மற்றொரு முறை, ஒரு பேரீச்ச மரம் யாருடைய நிலத்தில் நிற்கிறது என்பதில் ரபீஆ அல் அஸ்லமீ (ரலி) என்ற ஏழைத் தோழருடன் வழக்கு எழுந்தது. அபூபக்கர் (ரலி) கடிந்து ஒரு சொல் சொல்லிவிட்டார்கள். உடனே, அதே சொல்லைத் தமக்குத் திருப்பிச் சொல்லிக் கணக்கைத் தீர்க்குமாறு மன்றாடினார்கள். ரபீஆ (ரலி) மறுத்தார்கள். விஷயம் அண்ணலாரிடம் சென்றபோது, சொல்லைத் திருப்பிச் சொல்லாமல், அபூபக்கருக்காகப் பிழைபொறுக்கத் துஆச் செய்யுமாறு பணித்தார்கள். சித்தீக் (ரலி) அழுதுகொண்டே திரும்பிச் சென்றார்கள்.

மகள் வீட்டுச் சச்சரவில் தந்தை புகுந்தால் என்னவாகும் என்பது நம் குடும்பங்களுக்குத் தெரியாததன்று. ஒருநாள் அபூபக்கர் (ரலி) அண்ணலாரின் இல்லத்துக்கு வந்தபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் குரல் உயர்ந்து ஒலித்தது. தந்தை வெகுண்டு கை ஓங்கினார்கள். பெருமானார் (ஸல்) இடைமறித்துக் காத்தார்கள். அபூபக்கர் (ரலி) கோபத்துடனே வெளியேறினார்கள். அவர்கள் போனதும், அந்த மனிதரிடமிருந்து தாம் காப்பாற்றியதைப் பார்த்தாயா என அண்ணலார் துணைவியாரிடம் இன்முகத்துடன் கேட்டார்கள். சில நாட்கள் கழித்து வந்த அபூபக்கர் (ரலி), இருவரும் சமாதானமாக இருப்பதைக் கண்டார்கள். பழையதைக் கிளறவில்லை, புத்திமதியும் கூறவில்லை. சண்டையில் தம்மைச் சேர்த்துக்கொண்டது போலவே சமாதானத்திலும் சேர்த்துக்கொள்ளும்படி வேண்டினார்கள். அண்ணலாரும் சேர்த்துக்கொண்டார்கள்.

இவை யாவும் அவர்களின் நாவினால் விளைந்தவை. மிஸ்தஹ் (ரலி) விஷயம் வேறு. தாயின் சகோதரி வழி உறவினரான அவ்வேழையைப் பராமரித்து வந்தவர்கள் அபூபக்கர் (ரலி) அவர்களே. அவரோ அன்னை ஆயிஷா (ரலி) மீது நயவஞ்சகர் பரப்பிய அவதூறில் கலந்துகொண்டார். அன்னையின் தூய்மையை அல்லாஹ்வே அறிவித்த பின், இனி உதவுவதில்லை எனத் தந்தை சத்தியம் செய்தார்கள். எந்தத் தந்தைக்கும் அது இயல்பே. ஆயினும், உறவினருக்கும் ஏழைக்கும் ஹிஜ்ரத் செய்தோருக்கும் வசதியுடையோர் உதவியை நிறுத்தச் சத்தியம் செய்யலாகாது என்றும், தங்களை அல்லாஹ் மன்னிப்பதை அவர்கள் விரும்பவில்லையா என்றும் வினவும் திருவசனம் சூரத்துந் நூரில் இறங்கியது. தாம் அதனை விரும்புவதாகச் சொல்லி, நிறுத்திய உதவியை அன்றே மீண்டும் தொடங்கினார்கள்.

இரண்டாண்டுகளுக்குச் சற்று மேல் கிலாபத்தை நடத்தி, ஹிஜ்ரி 13இல் (கி.பி. 634) தம் அறுபத்து மூன்றாம் வயதில் நோயுற்றார்கள். தமக்குப் பின் உமர் (ரலி) அவர்களையே கலீபாவாக நியமித்தார்கள். உமரின் கடுமையைச் சுட்டித் தோழர் சிலர் தயங்கியபோது, தம்முடைய மென்மையைக் கண்டே அவர் கடுமை காட்டுவதாக எடுத்துரைத்தார்கள். வஃபாத்தானபின், அவர்களின் விருப்பப்படி துணைவியார் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) குளிப்பாட்டினார்கள். ஜனாஸாத் தொழுகையை நடத்தியவர்கள் உமர் (ரலி). அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறையில், அண்ணலாரின் அருகே நல்லடக்கம் செய்யப்பட்டார்கள்.