யார் செய்தது சரி? பி.ரம்லியும் ஹங் துவாவும்

ஹங் துவா சரியா, ஹங் ஜெபாட் சரியா என்று வகுப்பில் வாதம் செய்யாத இடைநிலைப்பள்ளி மாணவர் நம் நாட்டில் இருக்க முடியாது. ஐந்தாம் படிவத்தில் நான் ஜெபாட் பக்கம் நின்று தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். அந்த வாதத்தைத் திரையில் முகமும் குரலும் கொடுத்து நம் வீட்டுக்கூடம் வரை கொண்டு வந்தவர்களில் முதன்மையானவர் பி.ரம்லி. நோன்புப் பெருநாள் விடுமுறையில் தொலைக்காட்சியில் அவர் படம் ஓடாத வீடு குறைவு. அவர் வாழ்க்கை எப்படிப் போனது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1929 மார்ச் 22ஆம் தேதி பினாங்கில் பிறந்தவர். இயற்பெயர் தெங்கு ஜக்காரியா. தந்தை தெங்கு ஞாக் புத்தே, அச்சே பகுதியிலிருந்து வந்த கடலோடி. பெயரின் முன்னால் நிற்கும் 'பி' என்ற எழுத்து அந்தத் தந்தையின் பெயரிலிருந்து வந்தது. பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஜப்பானியர் ஆட்சி வந்து படிப்பைக் குலைத்துப் போட்டது. யுகுலேலே, வயலின், பியானோ என்று இசைதான் அவரை இழுத்தது.

1948இல் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு விழா மேடையில் அவர் பாடியதை இயக்குநர் பி.எஸ்.ராஜ்ஹன்ஸ் கேட்டார். சிங்கப்பூருக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்கள் நடத்திய மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ் படப்பிடிப்புத் தளத்துக்குள் அந்த 19 வயது இளைஞர் அப்படித்தான் நுழைந்தார். முதல் படமான 'சிந்தா'வில் வில்லன் வேடம் கிடைத்தது. கதாநாயகனுக்குத் திரைக்குப் பின்னால் நின்று குரல் கொடுத்ததும் அவரே! முகத்தில் பருத் தழும்பு இருந்தவரை நாயகனாக்க அன்று பலருக்கு மனம் வரவில்லை.

தயங்காதவர் எல்.கிருஷ்ணன். சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த இவர் 1950இல் 'பக்தி' படத்தில் ரம்லியைக் கதாநாயகனாக்கி, அவர் பாட்டை அவரே வாயசைத்துப் பாடும்படி செய்தார். அன்றைய மலாய்ப் படங்களை இயக்கியவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். பாட்டும் கண்ணீரும் கலந்த நம்மூர்ப் படங்களின் வாடை அந்தப் படங்களில் அடிப்பதற்கு அதுவே காரணம். குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த என் தாத்தா, திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய மலாய்ப் படங்களை ஒரு சொல்லும் புரியாமலே ரசித்ததாகச் சொல்வார். புரியாமல் எப்படி அழுதீர்கள் என்று கேட்டால் சிரிப்பார்.

1955இல் 'பெனாரிக் பெச்சா' மூலம் ரம்லி இயக்குநரானார். அடுத்த ஆண்டு, வங்காளத்தைச் சேர்ந்த பானி மஜும்தாரின் இயக்கத்தில் 'ஹங் துவா' வந்தது. ஈஸ்ட்மன்கலரில் எடுத்த அந்தப் படத்துக்கு ரம்லியே இசை அமைத்தார். ஹாங்காங்கில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் அந்த இசைக்கு விருது கிடைத்தது.

அந்தக் கதையில் என்னைக் கவர்வது ஒன்று உண்டு. துவாவும் ஜெபாட்டும் ஒன்றாகப் பயின்று, ஒன்றாக வாளெடுத்து, ஒரே சுல்தானுக்குப் பணி செய்தவர்கள். அவர்களை வெளியிலிருந்து வந்த எந்தப் பகைவனாலும் வெல்ல முடியவில்லை. போர் ஏதும் இல்லாத ஒரு காலத்தில், அரண்மனைப் பொறாமையும் கோள் சொல்லும் வாயும்தான் அவர்களைக் கெடுத்தன. பழி துவாவின் மேல் விழுகிறது. சுல்தான் விசாரிக்காமலே மரண தண்டனை விதிக்கிறார். பெண்டஹாரா அவரைக் கொல்லாமல் மறைத்து வைக்கிறார். துவாவின் பதவியும் 'தாமிங் சாரி' கிரிஸும் ஜெபாட்டின் கைக்குப் போகின்றன. நண்பன் இறந்துவிட்டான் என்று நம்பிய ஜெபாட் அரண்மனையைக் கைப்பற்றிச் சுல்தானையே எதிர்க்கிறார். மன்னிப்புப் பெற்றுத் திரும்பும் துவா, தனக்காகக் கலகம் செய்தவனைத் தன் கையாலேயே கொல்கிறார்.

துவா வென்றார் என்று சொல்லிப் படத்தை முடித்திருக்கலாம். ஆனால் படம் அப்படி முடியவில்லை. கடைசியில் துவா தனியாக உட்கார்ந்து, தான் செய்தது சரியா, ஜெபாட் செய்தது சரியா என்று குழம்புகிறார். அந்த இடத்தில் ரம்லியின் முகத்தைப் பார்க்க வேண்டும். வெற்றியின் சாயல் கொஞ்சமும் இல்லை. படம் வந்தது 1956இல், சுதந்திரத்துக்கு முந்திய ஆண்டில். கண்ணை மூடிக்கொண்டு கீழ்ப்படிவது எவ்வளவு தூரம் சரி என்று அந்த நேரத்தில் திரையரங்கில் உட்கார்ந்து யோசித்தவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள்.

(ஜொகூர் வாசகர்களுக்கு ஒரு துணுக்கு: 1612இல் ஜொகூரின் பெண்டஹாரா துன் ஸ்ரீ லானாங் தொகுத்த 'செஜாரா மெலாயு'வில் கலகம் செய்து துவாவின் கையால் சாவது ஹங் கஸ்தூரி. ஜெபாட் என்று சொல்வது 'ஹிக்காயாட் ஹங் துவா'. என் ஐந்தாம் படிவ வாதத்தில் இது தெரிந்திருந்தால் எதிரணியைக் கொஞ்சம் திணற வைத்திருப்பேன்.)

நான்கு ஆண்டுகள் கழித்து பிரிட்டனில் 'டியூன்ஸ் ஆஃப் குளோரி' என்ற படம் வந்தது. போர் முடிந்த பிறகு ஒரு ஸ்காட்லாந்துப் படைப்பிரிவின் முகாமில், சிப்பாயிலிருந்து உயர்ந்து வந்த அதிகாரிக்கும் புதிதாக வந்த கர்னலுக்கும் மூளும் பகை அதன் கதை. அங்கேயும் கர்னல் மாண்ட பிறகு எஞ்சி நிற்பவர் நொறுங்கிப் போகிறார். எங்கோ குளிர்நாட்டுக் கோட்டையில் நடக்கும் கதை, மலாக்கா அரண்மனைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்பது வியப்பாக இருந்தது.

ரம்லி சீருடை அணிந்து நடித்த படமும் உண்டு. 1958இல் வந்த 'சார்ஜான் ஹசான்' படத்தில், கம்பத்துப் பகையிலிருந்து விலகி மலாய்ப் படைப்பிரிவில் சேரும் இளைஞராக வருவார். அதற்கு முன்பே 'அனாக்கு சசாலி'யில் தந்தையும் மகனுமாக இரட்டை வேடத்தில் நடித்து, 1957இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதைப் பெற்றிருந்தார். பிறகு 'புஜாங் லாபோக்' நகைச்சுவைகள், 1962இல் 'இபு மெர்துவாக்கு', 1964இல் 'மடு தீகா' என்று வெற்றிகள் அடுக்கடுக்காக வந்தன. பாடகி சலோமாவை 1961இல் மணந்தார்.

1964இல் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூருக்கு வந்தார். உலு கிளாங்கில் இருந்த மெர்டேக்கா ஸ்டூடியோவில் ஜாலான் அம்பாஸின் வசதிகள் இல்லை. கைபழகிய தொழில்நுட்பக் குழுவும் இல்லை. மக்கள் வண்ணத்தில் வந்த இந்திப் படங்களுக்கும் இந்தோனேசியப் படங்களுக்கும் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவர் கறுப்பு வெள்ளையில் எடுத்துக்கொண்டிருந்தார். இளைஞர்களுக்குப் 'பாப் யே யே' இசை பிடித்துப் போனது. ஒரு காலத்தில் தூக்கி வைத்துக் கொண்டாடிய அதே ரசிகர்களுக்கு அவர் பழையவராகிவிட்டார். 1967இல் ஜாலான் அம்பாஸ் தளமும் மூடப்பட்டது. திரும்பிப் போகவும் இடமில்லை.

அவர் இயக்கிய கடைசிப் படம் 1972இல் வந்த 'லக்சாமனா டோ ரே மி'. லக்சாமனா என்றால் கடற்படைத் தளபதி. ஹங் துவா வகித்த அதே பதவி. 16 ஆண்டுகளுக்கு முன் வண்ணத்தில் கம்பீரமாக ஏற்ற அந்தப் பதவியை, கறுப்பு வெள்ளையில் மூன்று கோமாளிகளில் ஒருவராக மீண்டும் ஏற்று அவர் திரையை விட்டுப் போனார். இதை அவரே நினைத்துச் செய்தாரா, தானாக அமைந்ததா என்று நானாக யோசித்துப் பார்ப்பதுண்டு.

அதன்பின் படம் எடுக்க வழி அமையவில்லை. கையில் பணமும் இல்லை. 1973 மே 29ஆம் தேதி மாரடைப்பால் இறந்தபோது அவருக்கு வயது 44. ஜாலான் அம்பாங் முஸ்லிம் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

செத்தாபாக்கில் அவர் குடியிருந்த வீடு 1986இல் நினைவகமானது. கோலாலம்பூரின் ஜாலான் பெர்ரி, ஜாலான் பி.ரம்லி ஆனது. 1990இல், அவர் இறந்து 17 ஆண்டுகள் கழித்து, டான் ஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அதைக் கண்ணால் காண சலோமாவும் அப்போது உயிரோடு இல்லை.